முடியாது என்றொரு சொல், முறியாது என்றொரு சுவர்

இந்த அவைக்குத் தலைமையேற்று, நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தையும், எங்கே உளறுவேன் என்று என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் முதல் மாடியின் முத்தே, பணி ஓய்வு பெற்றும் எங்களை ஓயவிடாத தலைமையாசிரியை அம்மா அவர்களே! பல்லைப் பிடுங்கினாலும் பாசத்தைப் பிடுங்காத நான்காம் மாடிப் பல் டாக்டர் அவர்களே! ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு, வீட்டில் மனைவி வைப்பதை மறுபேச்சின்றிச் சாப்பிடும் மூன்றாம் மாடிச் சமையல் மாஸ்டர் அவர்களே! தரைத்தளத்தின் இரு கண்களாம் அச்சக அண்ணன் அவர்களே, கண்ணாடிக்கடைத் தம்பி அவர்களே! பெற்றதால் தாயான பெருமக்களே, பெறாமலே தாயான பேருள்ளங்களே! நாற்காலி கிடைக்காமல் லிஃப்ட் சுவரில் சாய்ந்து நிற்கும் இளைஞர் பட்டாளமே! உங்கள் அனைவருக்கும் இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கும் இந்த ‘விசில்’ அண்ணனின் பணிவான வணக்கம்.

யாரது பின்னால் இப்போதே கைதட்டுவது? தம்பி, இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்லை. உட்காரச் சொல்வதற்காகத் தட்டினாய் என்றால், அந்த உத்தியை என் மனைவி வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டாள். பலிக்கவில்லை.

நம் கட்டடத்தின் ஆண்டு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். என்ன தலைப்பு என்று கேட்டேன். எதையாவது பேசுங்கள், ஆனால் பழைய பேருந்துக் கதையை மட்டும் எடுக்காதீர்கள் என்றார் தலைவி அம்மா. ஆகவே, இளைஞர்களே, நீங்கள் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறீர்களே, அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். சுவர்! வெறும் சுவர். நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

நம் வாயில் விழுந்து சுவர் படாத பாடு படுகிறது. உருப்படாமல் போன பிள்ளையை என்ன சொல்கிறோம்? குட்டிச்சுவராகப் போனான் என்கிறோம். சொல்பேச்சுக் கேளாத கணவனை என்ன சொல்கிறோம்? இவரிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று என்கிறோம். என் வீட்டில் இதை அன்றாடம் கேட்கலாம். இரண்டு உள்ளங்கள் பிரிந்தால் என்ன சொல்கிறோம்? நடுவில் சுவர் எழுப்பிவிட்டாள் என்கிறோம். ஐயா, அம்மா, நான் கேட்கிறேன். வெயிலில் நிற்பது யார்? சுவர். மழையில் நனைவது யார்? சுவர். ஆணியடித்தால் வாங்கிக்கொள்வது யார்? சுவர். இத்தனையும் செய்தும் கெட்ட பெயர் வாங்குவது யார்? அதே சுவர்! இந்த அநியாயத்தை இன்று இந்த மேடையில் தட்டிக் கேட்காமல் நான் இறங்கப்போவதில்லை.

தலைவி அம்மா மன்னிக்க வேண்டும், பேருந்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. என் வாழ்நாளில் பாதியை நின்றுகொண்டே கழித்தவன் நான். நடத்துநர் வேலை. எனக்குத் தெரிந்த உண்மை ஒன்றுண்டு. தலையில் மூட்டை வைத்தால் மனிதன் தாங்குவான். தோளில் பையை மாட்டினால் தாங்குவான். மேலிருந்து கீழே அழுத்துவதை மனிதன் எப்படியோ சமாளித்துவிடுவான். ஆனால் வண்டி ஒரு வளைவில் திரும்பட்டும், பார்க்கலாம். பாரமே சுமக்காத பயில்வானும் பக்கத்தில் இருப்பவர் மடியில் போய் உட்காருவார். பக்கவாட்டில் வரும் தள்ளு இருக்கிறதே, அதுதான் ஆளைச் சாய்க்கும். கட்டடத்துக்கும் அதே கதைதான். நம் கட்டில், பீரோ, நாம், நம்மைப் பார்க்க வந்து போகாமல் இருக்கும் விருந்தாளிகள், இந்த எடையையெல்லாம் தூண்கள் சத்தமில்லாமல் கீழே இறக்கிவிடும். ஆனால் காற்று பக்கவாட்டில் வந்து மோதும்போது? பூமி கொஞ்சம் உதறிக்கொள்ளும்போது? அப்போது யார் தாங்குவது?

இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. தெரியாமலேதான் இந்தக் கட்டடத்தில் குடியிருந்தேன். தரைத்தளத்தில் ஒரு கதவுச் சண்டை வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தச் சண்டையைத்தான் சொல்லப்போகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டுதான் ஏறினேன். தையலக்கா, “சொல்லுங்க, ஆனா என்னைக் கொஞ்சம் நல்லவளா சொல்லுங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். முயற்சி செய்கிறேன் அக்கா.

தரைத்தளத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடு. ஒன்றில் அச்சக அண்ணனும் அவர் மனைவி தையலக்காவும். அடுத்ததில் அண்ணனின் தம்பி, கண்ணாடிக்கடைக்காரர், அவர் மனைவி. இந்தத் தம்பி மனைவி படித்தது கட்டடப் பொறியியல். பேச்சில் கம்பி வராமல் ஒரு வாக்கியம் முடியாது என்பதால் இங்கே எல்லோருக்கும் அவர் கம்பியம்மா. ஓரகத்திகள் என்றால் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்ப்பவர்கள் என்று நினைக்கும் உலகத்தில், இவர்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அக்காவுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையைச் சொல்லிக் காட்டாத ஒரே சொந்தம் இந்தத் தம்பி மனைவிதான். கம்பியம்மா உண்டானாள் என்று தெரிந்த அன்று, அக்கா தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, கை கொள்ளும் அளவில் சட்டை தைக்கத் தொடங்கினார். அவ்வளவு சின்னச் சட்டையை நான் பார்த்ததே இல்லை. பொம்மைக்கா என்று கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு நீளமான சுவர். ஒரு வீட்டிலிருந்து மற்றதற்குப் போக, வாசல் கதவைத் திறந்து, நடைபாதைக்கு வந்து, மாடிப்படியைச் சுற்றி, அடுத்த வாசலில் மணியடிக்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் வலி. குழந்தை அழுதால் சுற்றிக்கொண்டு ஓடுவதற்குள் அது அழுது முடித்து வேலைக்கே போய்விடும் என்பது அவர் கவலை. ஆகவே ஒரு நாள் காலை, கம்பியம்மா வேலைக்குக் கிளம்பி, ஒற்றைக் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்.

“கண்ணு, நம்ம நடுச்சுவர்ல ஒரு கதவு வெச்சுக்கலாமா? குழந்தை சிணுங்கினாலே நான் வந்துடுவேன்.”

வாசலில் அலுவலக வண்டி ஆரன் அடித்தது. கம்பியம்மா மறு செருப்பையும் மாட்டினார்.

“முடியாதுக்கா” என்றார். போய்விட்டார்.

அன்பர்களே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாது. அக்கா வாசலில் அப்படியே நின்றார். மாலையில் கம்பியம்மா அதைப் பற்றிப் பேசுவாள் என்று காத்திருந்தார். அவளோ சொல்லியாயிற்றே என்று மறந்தேபோனாள். மறுநாளும் பேச்சில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தையல் இயந்திரம் நின்றது. பாதி தைத்த சட்டை, ஊசி குத்தியபடியே மேசையில் கிடந்தது. யார் கேட்டாலும் அக்கா ஒன்றுதான் சொன்னார்: குழந்தை பிறக்குமுன்னே எனக்கும் குழந்தைக்கும் நடுவில் சுவர் எழுப்பிவிட்டாள் என்று. சுவர் கட்டடம் கட்டியபோதே எழுப்பியது என்று என் மனைவி எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். வருத்தத்தில் இருப்பவருக்குத் தேதியா முக்கியம்?

கண்ணாடிக்கடைத் தம்பியிடம் போய், என்னப்பா உங்கள் வீட்டில் என்று கேட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணே என்றார். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்பவர்! சிரிக்காதீர்கள், அவர் கண்ணாடியைத் துடைக்கிறார், பாருங்கள்.

பொறுத்துப் பார்த்த அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். என் வீட்டுச் சுவரில் என் பக்கம் கதவு வைத்துக்கொள்ள நான் யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லி, கான்கிரீட் அறுக்கும் ஆளை வரவழைத்துவிட்டார். கம்பியம்மா வேலைக்குப் போயிருந்த நேரம். அச்சக அண்ணன்? நிலைமையைப் பார்த்ததும் கம்பி நீட்டிவிட்டார். மை தீர்ந்துபோச்சு என்று அச்சகத்துக்கு ஓடியவர்தான்.

இனிமேல்தான் வேடிக்கை. துளைபோடும் இயந்திரம் சுவரில் வாய் வைத்தது. டர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். நான்காம் மாடியில் பல் டாக்டர் கேட்கிறார். சத்தம் அவர் படுக்கையறைச் சுவருக்குள்ளிருந்தே வருகிறது. மூன்றாம் மாடிச் சமையல் மாஸ்டர்தான் ஏதோ ராட்சத மிக்ஸி வாங்கிவிட்டார் என்று முடிவுகட்டி, கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார். சமையல் மாஸ்டரோ அதே நேரத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கிறார். துளை போடுவது யார் தொழில்? பல் டாக்டர் தொழில்! வீட்டிலேயே யாருக்கோ பல்லைக் குடைகிறார் என்பது இவர் கணக்கு. படிக்கட்டின் நடுவில் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். நீங்களா என்று இவர், நீங்களா என்று அவர். சத்தம் ஓயவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என் வீட்டுக்கு வந்தார்கள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? என் வீட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு, தலைமையாசிரியை அம்மா வீட்டில் என்ன மராமத்து என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூவரும் முதல் மாடிக்கு இறங்கினோம். அம்மா கதவைத் திறந்து, எங்களைக் கண்டதும், மூவரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். நின்றோம். சத்தத்துக்குக் காரணம் மேலே இருக்கும் நாங்கள்தான் என்று நினைத்திருந்தார்கள். ஆக, இந்தக் கட்டடத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் குற்றம் சொல்லிக்கொண்டே ஓர் ஊர்வலமாகத் தரைத்தளத்துக்கு வந்து சேர்ந்தோம்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? விசேஷமே அதில்தான் இருக்கிறது! வேறொரு சுவரில் ஆணியடித்தால் அடுத்த மாடிக்கே சரியாகக் கேட்காது. இந்தச் சுவரில் கீழே தொட்டால் உச்சி மாடி வரைக்கும் ஒரே மாதிரி கேட்கிறது. ஏன்? அது தரைத்தளத்தில் ஒரு சுவர், முதல் மாடியில் ஒரு சுவர் என்று அடுக்கிய சுவரே அல்ல. அடித்தளத்தில் வேர்விட்டு, மாடி மாடியாக மேலேறி, மொட்டைமாடி வரை போகிற ஒரே சுவர். தையலக்கா அதை என் வீட்டுச் சுவர் என்றார். நானும் என் வீட்டுச் சுவர் என்றுதான் அதில் நாட்காட்டி மாட்டியிருந்தேன். பல் டாக்டரும் அப்படியே. ஒரே சுவருக்கு இத்தனை சொந்தக்காரர்கள்!

கீழே போனால், துளைபோடும் ஆள் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். உள்ளே இரும்பு தட்டுகிறது, கேட்காமல் அறுக்க மாட்டேன் என்கிறார். அறுங்கள் என்கிறார் அக்கா. இதற்குள் என் மனைவி தொலைபேசியில் சொல்லிவிட, கம்பியம்மா நிறைமாத வயிற்றோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நேராகப் போய் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, மூச்சு வாங்க நின்றுகொண்டார். இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தாய்.

“தள்ளு” என்றார் அக்கா.

“தள்ள மாட்டேன்கா.”

“பாத்தீங்களா? எல்லாரும் பாருங்க. என்னை உள்ள விடக் கூடாதுன்னு சுவரைக் கட்டிப்பிடிச்சு நிக்கிறா.”

சொல்லும்போதே அக்கா அழுதுவிட்டார். கோபக்காரி அழுதால் பார்க்கிறவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாது. சமையல் மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன்.

கம்பியம்மா சுற்றிலும் பார்த்தார். அறையின் மூலையில் ஒரு மர அலமாரி. பிறக்கப்போகும் பிள்ளையின் துணிகளுக்காக அச்சக அண்ணன் தன் கையாலேயே செய்தது. நான்கு கால், சில தட்டுகள், அவ்வளவுதான். பின்பலகை இன்னும் அடிக்கவில்லை, பக்கத்தில் சாத்தி வைத்திருந்தது. அதை நடுவில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். அக்காவின் கனத்த இஸ்திரிப் பெட்டியை அதன் உச்சித் தட்டில் வைக்கச் சொன்னார். வைத்தோம். அலமாரி அசையாமல் நின்றது. பாரம் தாங்குது இல்லையாக்கா என்று கேட்டார். அக்கா ஓரக்கண்ணால் பார்த்தார். இப்போது கம்பியம்மா ஒரே ஒரு விரலால் அதன் பக்கவாட்டில் தள்ளினார். அத்தனை பெரிய அலமாரி, தூக்கம் வந்த பிள்ளை போல, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பல் டாக்டர் இஸ்திரிப் பெட்டியை ஓடிப் பிடித்தார்.

அடுத்து அந்தப் பின்பலகையை வைத்து ஆணியடிக்கச் சொன்னார். அடித்தோம். விரலால் தள்ளினார், அசையவில்லை. சமையல் மாஸ்டர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அலமாரி கோணவே இல்லை, அவர் வயிறுதான் குலுங்கியது. மெல்லிய பலகை ஒன்று! அதன் மேல் ஒரு கிராம் எடைகூட ஏற்றவில்லை! ஆனால் சாய விடாமல் பிடித்துக்கொண்டது அதுதான். கால்கள்தான் நம் தூண்கள். தட்டுகள்தான் நம் மாடிகள். பலகைதான், அக்கா, இந்தச் சுவர் என்றார் கம்பியம்மா. பொறியாளர்கள் இதற்கு ஷியர் வால் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். எங்கள் வாய்க்கு அது வரவில்லை, நாங்கள் கம்பிச்சுவர் என்று வைத்துக்கொண்டோம்.

ஏன் கம்பி? அதையும் அன்றைக்கே சொன்னார். காற்று ஒரு பக்கமிருந்து தள்ளும்போது, சுவரின் ஓர் ஓரம் நசுங்கப் பார்க்கும், மறு ஓரம் இழுபடப் பார்க்கும். கான்கிரீட்டை எவ்வளவு நசுக்கினாலும் தாங்கும். இழுத்தால் மட்டும் பிஸ்கட் போல விரிசல் விட்டுவிடும். கம்பியோ இழுப்புக்கு அஞ்சாதது. இழுபடும் இடத்தில் கம்பி, நசுங்கும் இடத்தில் கான்கிரீட். ஒருவர் குறையை ஒருவர் மறைத்து, ஒருவர் பலத்தில் ஒருவர் நின்று, உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு நடத்தும் குடித்தனம் அது! ஓரங்களில் கட்டுக்கட்டாகக் கம்பி, அவை பிதுங்கிவிடாமல் நெருக்க நெருக்கமாக வளையம். நடுவில் குறுக்கும் நெடுக்குமாக வலை போல இன்னும் கம்பி. சாய்வாக விரிசல் விடப் பார்த்தால் அந்த வலை இழுத்துத் தைத்துவிடும். என்ன சொன்னேன்? தைத்துவிடும். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் தையலக்கா நிமிர்ந்தார்.

நிமிர்ந்தவர் லேசுப்பட்டவரா? அப்படின்னா பட்டன் ஓட்டை போடுற மாதிரி ஓட்டையை வெட்டி, ஓரத்தைத் தைச்சு விடலாமே என்று கேட்டார். எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. நல்ல கேள்வி! கம்பியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சரியாகக் கேட்டீர்கள் என்றார். கட்டும்போதே திட்டம் போட்டு, வாசலைச் சுற்றிக் கூடுதல் கம்பி கட்டி வார்த்திருந்தால், வைத்திருக்கலாம். லிஃப்ட் சுவரில் அப்படித்தான் கதவு வைத்திருக்கிறார்கள். ஆனால் முடிந்துபோன சுவரில் இப்போது வெட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் கம்பியை அறுக்க வேண்டும்.

“தைச்சு முடிச்ச ஜாக்கெட்டை ஒருத்தி போட்டுக்கிட்டுக் கையைத் தூக்கி நிக்கிறா. அந்த நேரம் பாத்து அக்குள்ல கத்திரி வைப்பீங்களாக்கா?”

அக்காவின் உதடு சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றது. அழுத கண்ணோடு சிரித்தார். துளைபோடும் ஆளுக்கு என்ன தோன்றியதோ, தன் அறுவை இயந்திரத்தை எடுத்து, அலமாரியின் பின்பலகையில் அடித்தட்டுக்கு நேராகத் தாராளமாக ஒரு கதவை வெட்டிவிட்டார். கம்பியம்மா மறுபடி விரலால் தள்ளினார். மேல் தட்டுகள் நிமிர்ந்தபடியே இருக்க, அடித்தட்டு மட்டும் முட்டி மடங்கியது. அந்த மேல் தட்டுகளில் நடுத்தட்டு நான் ஐயா! அதற்கு மேலே சமையல் மாஸ்டர், உச்சியில் இஸ்திரிப் பெட்டியோடு பல் டாக்டர். நான்கு மாடியிலும் காற்று தள்ளும் தள்ளெல்லாம் சுவர் வழியாக ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, சேர்ந்து சேர்ந்து பெருத்து, எங்கே வந்து உச்சம் பெறும்? தரைத்தளத்தில்! எங்கே கதவு வைக்கக் கூடாதோ, அங்கேதான் அக்கா கதவு கேட்டிருக்கிறார். அதோடு போகுமா? ஒரு பக்கச் சுவர் இளைத்து மறு பக்கச் சுவர் கொழுத்தால், காற்றில் கட்டடம் நேராகச் சாயாமல் முறுக்கிக்கொள்ளுமாம். ஆகவே அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களும் தப்பவில்லை.

இவ்வளவும் புரிந்தது. சுவர் பிழைத்தது. ஆனால் சண்டை? அது சுவரில் இல்லையே. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் கேட்டார்.

“சரி, சுவரு இருக்கட்டும். அன்னைக்கு என் மூஞ்சியைக்கூடப் பாக்காம முடியாதுன்னு சொல்லிட்டுப் போனியே. அது எதுக்கு?”

கம்பியம்மா விழித்தார். “சுவர்ல முடியாதுன்னு சொன்னேன்கா. கதவு வைக்க முடியாத சுவர்னு.”

“நான் ‘உங்களை உள்ள விட முடியாது’ன்னு கேட்டுட்டேன்டி.”

ஆகா! ஆகாகா! தமிழில் இந்த ஒரு சொல் போடும் இரட்டை வேடத்தைப் பாருங்கள். இந்த மூட்டையை என்னால் தூக்க முடியாது என்றால், அது இயலாமை. உனக்குப் பணம் கொடுக்க முடியாது என்றால், அது மறுப்பு. அதே எழுத்து, அதே ஒலி. ஒன்றில் கை தோற்கிறது, மற்றொன்றில் மனம் மூடுகிறது! கம்பியம்மா சொன்னது கை தோற்கும் முடியாது. அக்கா கேட்டது மனம் மூடும் முடியாது. அவசரத்தில் ஒருத்தி சொன்னாள், ஆசையில் ஒருத்தி கேட்டாள். நடுவில் நின்ற சுவரை இரண்டு பேரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

கம்பியம்மா அக்காவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தார். அடுத்து அவர் சொன்னதை நான் அலங்கரிக்கப்போவதில்லை. அப்படியே சொல்கிறேன்.

“உங்களைவிட எனக்குத்தான்கா அந்தக் கதவு வேணும். எனக்குப் பயமா இருக்கு. பிள்ளையைத் தூக்கக்கூடத் தெரியாது எனக்கு.”

தலைமையாசிரியை அம்மா மூக்கைச் சிந்தினார்கள். தூசி என்றார்கள். இருக்கலாம் அம்மா, அன்று கொஞ்சம் சிமெண்டுத் தூசி இருந்தது உண்மைதான்.

அப்புறம் என்ன? கதவு வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்கிறார்கள். கம்பிச்சுவர் வேண்டாம் என்றால் வேறெங்கே? கம்பியம்மா கையோடு அழைத்துக்கொண்டு பின்பக்கம் போனார். துணி காயப்போடும் பால்கனி. கம்பிச்சுவர் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் இரண்டு பால்கனிக்கும் நடுவில் இருப்பது சாதாரணச் செங்கல் தடுப்பு, கட்டடத்துக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், பொத்தென்று ஒலித்தது. இதை எடுத்தால் கட்டடம் கவலைப்படாது என்றார். நம் குடியிருப்போர் சங்கத்தின் தலைவியான தலைமையாசிரியை அம்மா அங்கேயே நின்று அனுமதியைக் கொடுத்துவிட்டார்கள். துளைபோடும் ஆள், கம்பிச்சுவரில் தான் போட்ட சிறு துளையைக் கம்பியம்மா சொன்ன கலவையால் அடைத்துவிட்டு, செங்கல் தடுப்பில் வேலையைத் தொடங்கினார். இம்முறை சத்தம் எந்த மாடிக்கும் போகவில்லை. தையல் இயந்திரச் சத்தம்தான் அன்று மாலையில் எங்கள் வீடு வரை கேட்டதாக என் மனைவி சத்தியம் செய்கிறாள்.

பெண் குழந்தை பிறந்தது. அம்மாவின் கம்பிப் பேச்சும் பெரியம்மாவின் கோபமும் ஒருங்கே வாய்த்த பெண் குழந்தை! அது அழுதால் இப்போதும் நான்கு மாடியும் இறங்கி வருகிறது.

அந்த மழைக்காலத்தில் ஒரு காற்று அடித்ததே, நினைவிருக்கிறதா? பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. தெருவில் விளம்பரப் பலகைகள் பறந்தன. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி உருண்டு போனது. என் வீட்டு வாளித் தண்ணீர் லேசாக அலை அடித்தது. அவ்வளவுதான். எனக்கு மனம் கேட்காமல் கீழே ஓடினேன். தரைத்தளத்தில் தையலக்கா காலை நீட்டி, அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. காற்று பலமா அக்கா என்று கேட்டேன். எந்தக் காற்று என்று கேட்டார். அத்தனை பெரிய காற்று பக்கவாட்டில் வந்து மோதி, மோதி, தோற்று, எங்கள் காலடியில் மண்ணுக்குள் இறங்கிப்போய்க்கொண்டிருந்தது. மடியில் இருந்தவளுக்குத் தூக்கம் கலையவில்லை.

தலைவி அம்மா மணியில் கை வைத்துவிட்டார்கள். இதோ முடித்துவிட்டேன் அம்மா. போன வாரம் நடந்த ஒன்றே ஒன்றைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

சந்தா வாங்குவதற்காக அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நம் சின்னவள் பால்கனிக் கதவு வழியாகத் தவழ்ந்து வந்தாள். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வருகிறோம் என்ற சிந்தனையே கிடையாது. கம்பிச்சுவரின் அருகே வந்ததும் தவழ்வதை நிறுத்தினாள். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்தாள். முழங்காலை ஊன்றினாள், ஒரு காலை எடுத்து வைத்தாள், ஆடினாள், மறு காலையும் இழுத்தாள். எழுந்து நின்றாள்! வாழ்நாளில் முதல் முறையாக எழுந்து நின்றாள்! நின்றவள் சும்மா இருப்பாளா? தன் பலம் முழுவதையும் திரட்டி, பல்லில்லாத ஈறைக் கடித்து, அந்தச் சுவரைத் தள்ளினாள். சுவர் நகரவில்லை. அவளுக்கு ஒரே சிரிப்பு.

கம்பியம்மா பால்கனிக் கதவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். ஓடிப் பிடிக்கப் போனார் கண்ணாடிக்கடைத் தம்பி. தையலக்கா கையை நீட்டி அவரைத் தடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தபடியே குழந்தையிடம் சொன்னார்.

“நல்லாப் பிடிச்சுக்கடி கண்ணு. உங்கம்மா விட்டுக்கொடுக்காத சுவரு அது.”

இவ்வளவு நேரம் பொறுமையோடு செவிசாய்த்த பெரியோர்க்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தும் அழ வேண்டிய இடத்தில் தூசி என்றும் சமாளித்த தாய்மார்க்கும், சாய்ந்த இடத்தைவிட்டு நகராத இளைஞர்க்கும், வாய்ப்பளித்த அவைக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றியைச் சொல்லி விடைபெறுகிறேன். வாழ்க நம் வீடுகள், வளர்க நம் குழந்தைகள். வணக்கம்.